காருக்கு அடியில் கை போகும் முன்

"எந்த ஆயில் சார் ஊத்தலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காரை எதன் மேல் தூக்கி நிறுத்துவது என்றோ, வடித்த பழைய ஆயிலை யாரிடம் கொடுப்பது என்றோ கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே என் பணிக்காலம் கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகும், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாராவது பானட்டைத் திறந்தால் எனக்கு ஆள் வந்துவிடும். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, நிதானமுள்ள யாரும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் யாரும் கேட்காத அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். முதல் கேள்வியில் உங்கள் உயிர் இருக்கிறது. இரண்டாவதில் ஊர்த் தண்ணீர் இருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணாச்சியின் மகள் வேலைக்குப் போனதும் பழைய வேகன் ஆர் ஒன்றை வாங்கினாள். "மாமா, இந்தத் தடவ ஆயில நானே மாத்தப்போறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்" என்று வந்து நின்றாள். "நிக்கேன் பிள்ள. மொதல்ல வண்டி புஸ்தகத்த எடுத்துட்டு வா" என்றேன். வாரண்டி காலம் முடிந்த வண்டி என்பதால் நானும் சரி என்றேன். வாரண்டி உள்ள காரில் வீட்டில் கை வைத்தால், பின்னால் எஞ்சினில் ஏதாவது கோளாறு வரும்போது தேவையில்லாத வாக்குவாதம் வரும். அந்தக் காலம் முடியும்வரை சர்வீஸ் நிலையத்திலேயே செய்துகொள்வது நல்லது.

காரோடு தருகிற அந்தப் புத்தகத்தில்தான் ஆயிலின் தரம், அளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. சிறிய பெட்ரோல் கார் என்றால் ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். பெரிய டீசல் வண்டிகளுக்கு இதைப்போல இரண்டு மடங்கும் ஆகும். டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கான அளவு. பின்னால் உள்ளது, 100 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் எவ்வளவு கெட்டித்தன்மையோடு நிற்கும் என்பதற்கானது.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லாத ஆளே இல்லை. வெளியே வெயிலோ மழையோ, ஓடுகிற எஞ்சினின் சூட்டை தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கிறது. பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பம்ப் எவ்வளவு வேகத்தில் ஆயிலைத் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தயாரிப்பாளர் ஆயிலின் தரத்தை எழுதுகிறார். 0டபிள்யூ-20 கேட்கிற எஞ்சினில் கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் ஏறத் தாமதமாகும். எஞ்சின் அதிகம் தேய்வது அந்தச் சில நொடிகளில்தான். பைக்குக்கு வாங்கிய ஆயில் மீதி இருக்கிறதே என்று காரில் ஊற்றுவதும் வேண்டாம், கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது அதைவிட வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற பொருள்களால் அந்தக் கிளட்ச் வழுக்கும்.

வடித்த ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எஞ்சினுக்குள் ஆயில் வழவழப்பை மட்டும் தருவதில்லை. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருகிறது. எரிபொருள் எரிந்த கரியைப் படியவிடாமல் தன்னுள்ளேயே மிதக்க வைத்துக்கொள்கிறது. அதற்கென்றே அதில் டிடர்ஜென்ட் போன்ற சேர்மானங்கள் இருக்கின்றன. ஆகவே கறுப்பு நிறம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. ஆயில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: டிப் ஸ்டிக்கிலோ ஊற்றும் மூடியின் அடியிலோ பால் கலந்த காப்பி நிறத்தில் நுரையாக இருந்தால் உள்ளே தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கலாம். அந்த நிலையில் வீட்டில் ஆயில் மாற்றிப் பயனில்லை, மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

இனி அந்த முதல் கேள்வி. வேகன் ஆர் சிறிய கார்தான், ஆனாலும் 800 கிலோவுக்கு மேல் எடை. அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. டிக்கியில் கிடக்கிற ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்காகத் தந்தது. அதை நம்பி ஒருவர் தலையைக் கீழே விடுவதை நான் எங்கே பார்த்தாலும் வெளியே இழுத்துவிடுவேன். ஹைட்ராலிக் டிராலி ஜாக்கியானாலும் அது தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு சீல் விட்டுப்போனால் எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும்.

தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும், புத்தகத்தில் காட்டியிருக்கும் தாங்குமிடங்களில் கொடுத்து, வண்டியின் எடையை அவற்றின் மேல் இறக்க வேண்டும். ஸ்டாண்டின் மேல் எத்தனை டன் தாங்கும் என்று எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அண்டை கொடுக்கிற பழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். இரும்பு வளைவதற்கு முன் கொஞ்சமாவது அறிகுறி காட்டும். ஹாலோ பிளாக் அப்படி இல்லை. ஒரு புள்ளியில் எடை ஏறினால் எந்தச் சத்தமும் தராமல் நொறுங்கும்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நகராது என்று நினைக்கிறோம். பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. அந்த முன்சக்கரங்களைத்தானே தரையிலிருந்து தூக்கிவிட்டோம்? பிறகு முதல் கியர் போட்டும் பயனில்லை, ஆட்டோமேடிக் காரில் 'பி'யில் வைத்தும் பயனில்லை. வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொடுக்கிற கட்டைகளும் மட்டுமே. நம் வீடுகளில் போர்டிகோவிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவில் இந்த வேலை கூடவே கூடாது. வெயிலில் இளகும் தார் தரையும் மண் தரையும் ஸ்டாண்டின் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். சமமான சிமென்ட் தரை வேண்டும். கீழே போகுமுன் வண்டியைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அடியில் போகவே மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. டிப் ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய டியூபை இறக்கி மேலிருந்தே ஆயிலை உறிஞ்சும் கை பம்ப் கிடைக்கிறது. எல்லா எஞ்சினிலும் டியூப் அடிவரை போகாது, கொஞ்சம் ஆயில் தங்கும், ஃபில்டரும் மேலிருந்து கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். இவை ஒத்துவந்தால் முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் அந்தப் பம்பைத்தான் சொல்வேன்.

கையுறை பற்றி என் மாணவர்களிடம் விடாமல் சொல்லி வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் லங்காஷயர் நூற்பாலைகளில் மியூல் எனப்படும் நூற்பு இயந்திரத்தை ஓட்டிய தொழிலாளர்களின் ஆடையில், சுழலும் கதிர்களிலிருந்து மசகு எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தெறித்து ஊறியது. அவர்களுக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வருவதை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922-இல் எழுதினார்கள். 1953-இல்தான் அந்த இயந்திரங்களுக்கு எந்த எண்ணெய் போடலாம் என்று அங்கே தனி விதி வந்தது. இன்றைய எஞ்சின் ஆயில் டப்பாவில் இருக்கும்போது நன்றாகச் சுத்திகரித்ததுதான். எஞ்சினுக்குள் ஓடிய பிறகு, எரிபொருள் எரிந்து உண்டாகும், அந்த நூற்பாலை எண்ணெயில் இருந்த அதே வகை நச்சுச் சேர்மங்கள் அதில் சேர்ந்துவிடுகின்றன. ஒருமுறை கையில் பட்டதால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் படுகிறவர்களுக்குத்தான் கேடு. நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை ஆயிலை உறிஞ்சித் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும், அது போடாமல் இருப்பதைவிட மோசம். பட்ட கையை பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவுவதும் கெடுதலே. சோப்பு போதும்.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. நெடுந்தூரம் ஓட்டி வந்த வண்டி என்றால் ஆயில் 90 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே தொட வேண்டும். மேலே ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து, அடியில் அகலமான சட்டியை வைத்து, டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் இளக்குங்கள். போல்ட்டின் தலையைப் பார்த்தபடி இருந்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். பழகாதவர்கள் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு மாற்றித் திருகி, அடியில் ஆயில் தங்கும் சம்பின் மரையை வீணாக்கிவிடுவார்கள். பல கார்களில் சம்ப் அலுமினியம். மரை போனால் செலவு பெரிது. போல்ட் கழன்று வரும் கடைசிச் சுற்றில் அதை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகி, சட்டென்று பக்கவாட்டில் எடுத்தால் கை நனையாது. ஆயில் முதலில் நேராக விழாது, ஒரு முழம் தள்ளித்தான் பாயும். சட்டியை அதற்கேற்ப நகர்த்தி வையுங்கள்.

மறுபடி மாட்டும்போது புது வாஷர் போடவேண்டும். பழையது ஒருமுறை நசுங்கி உட்கார்ந்துவிட்டது, இன்னொரு முறை சரியாக அடைக்காது. போல்ட்டைக் கையால் முழுவதும் திருகி ஏற்றிய பிறகே ஸ்பேனர். சிறிய கார்கள் பலவற்றில் இதற்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 14 கிலோ எடையைத் தொங்கவிடுகிற அளவு அது. காலால் மிதித்து இறுக்குகிற வேலையே இல்லை.

ஃபில்டர்தான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டின் பியூரோலேட்டர் ஃபில்டர் 1923-இல் வந்தது. அதற்கு முன் கார்கள் ஃபில்டரே இல்லாமல் ஓடின. இன்றைய ஃபில்டரின் டப்பாவுக்குள் மடிப்பு மடிப்பாகத் தாள், எஞ்சின் நின்றதும் ஆயில் வடிந்துபோகாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு, தாள் அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் காய்ந்துபோகாமல் ஆயிலைத் தாண்டவிட இன்னொரு வால்வு. வேகன் ஆரில் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் எதிர்வீட்டுப் பிள்ளை புதியதைக் கையில் எடுத்துவிட்டாள். "பொறு. பழசோட வாயைக் காட்டு" என்றேன். திருப்பிக் காட்டினாள். விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தோம். எஞ்சினின் வழவழப்பான வட்ட முகத்தில், அதே கறுப்பில், அதே பளபளப்பில், இருப்பதே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பியதும் உரிந்து வந்தது.

அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை ஏற்றியிருந்தால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்திருக்கும். திருகும்போது வித்தியாசமே தெரியாது. ஸ்டார்ட் செய்து ஆயிலின் அழுத்தம் ஏறியதும், இரண்டில் ஒன்று நழுவி, ஊற்றிய ஆயில் முழுவதும் அந்த இடுக்கு வழியே வெளியே பீறிடும். தெருவில் பாதித் தூரம் போன பிறகு இது நடந்தால் எஞ்சினே போய்விடும். வீட்டில் ஆயில் மாற்றுகிறவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: பழைய ஃபில்டரின் வளையத்தைக் கண்ணால் பார்க்காமல் புதியதைத் தொடாதீர்கள்.

எஞ்சினின் அந்த வட்ட முகத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, புது வளையத்தில் விரல் நுனியால் புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் முகத்தைத் தொட்டதும் கை அதை உணரும். அங்கிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டர்களின் டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருப்பார்கள், அப்படியானால் அதன்படி. கழற்றுவதற்கு ஃபில்டர் ரென்ச் தேவைப்படலாம், மாட்டுவதற்கு வேண்டாம்.

வண்டியை இறக்கிச் சமமாக நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். புத்தகத்தில் சொன்னதில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, முடுக்காமல் விடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணையவேண்டும். அணையவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வெளியில் நின்றபடி கீழே சொட்டு விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் இடையில், மேல் கோட்டை நெருங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பது தவறு. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை ஓடுகிற இடத்தில் வழவழப்பு இருக்காது.

இப்போது சட்டியில் 3 லிட்டர் கறுப்பு ஆயில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை வேலையின் பாதி இனிமேல்தான். எங்கள் ஊருக்குள் பாளையங்கால்வாய் ஓடுகிறது. தாமிரபரணித் தண்ணீர், வயலுக்குப் போகிறது. சாக்கடையில் ஊற்றிய ஆயில் அதைத் தேடிப் போய்ச் சேர ஒரு மழை போதும். ஒரு காரிலிருந்து ஒருமுறை வடிக்கிற ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் பயன்படுத்திய ஆயில் இருக்கிறது. 2023-இல் செய்த திருத்தம், 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிப்பவர்களையும் இறக்குமதி செய்பவர்களையும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியிருக்கிறது. மறுசுழற்சி வெறும் பேச்சல்ல. ஆயிலில் தீர்ந்துபோவது சேர்மானங்கள்தான். அடிப்படை எண்ணெய் அப்படியே இருக்கிறது. அழுக்கை நீக்கி மறுபடி சுத்திகரித்தால் அது மீண்டும் எஞ்சினுக்கே போகும்.

"கொட்ட வேண்டாம், சென்ட்ரிங் பலகைக்கு அடிக்கக் குடுத்துருவோம்" என்று அண்ணாச்சி சொன்னார். கரையானுக்காக மரத்தில் பூசுவதும் இங்கே வழக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகைக்கு ஆயில் பூசுகிற கட்டடத் தொழிலாளி வெறுங்கையால் பூசுகிறார். அவருக்கு அது நாள்தோறும் படுகிற வேலை. நாம் கையுறை போட்டு வடித்ததை அவர் கையில் கொடுப்பது எந்த நியாயம்?

புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, 'கழிவு ஆயில்' என்று பெரிதாக எழுதுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் குடித்துவிடும். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒருநாள் வடியவிட்டு, அதையும் ஒரு பையில் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், தண்ணீர் எதையும் கலக்கக் கூடாது. கலந்ததை வாங்க மாட்டார்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூள் தூவி, ஊறியதும் அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அதுவும் சாக்கடைக்குத்தான்.

அந்தப் பிள்ளை டப்பாவைக் கொண்டுபோன முதல் சர்வீஸ் நிலையத்தில், இங்கே சர்வீஸ் விடாத வண்டியின் ஆயிலை வாங்குவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் சூப்பர்வைசர் மூடியைத் திறந்து, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, பின்பக்க பேரலில் ஊற்றிக்கொண்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்கள் வந்து எடுத்துப் போவார்களாம். காலி டப்பாவைத் திருப்பித் தந்தார். போலி ஆயில் அடைப்பவர்கள் கைக்குப் போகாமலிருக்க அதைக் கத்தியால் கிழித்துப் போடச் சொன்னேன்.

ஒருவர் நல்லதைச் செய்ய இரண்டு வாசல் ஏற வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேட்டரிக் கடைக்காரர்கள் பழைய பேட்டரியை வாங்கிக்கொண்டு விலையில் கழித்துக் கொடுக்கிறார்கள். அதனால் பழைய பேட்டரியை யாரும் தெருவில் எறிவதில்லை. ஆயில் விற்கிற கடைகளும் இதைச் செய்யலாம். உள்ளாட்சிகள் வார்டுக்கு ஒரு பேரல் வைக்கலாம். அடுத்த டப்பா வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "பழைய ஆயிலக் கொண்டுவந்தா வாங்கிப்பீங்களா அண்ணாச்சி?" இல்லை என்றுதான் முதலில் சொல்வார். பத்துப் பேர் கேட்டால் வாசலில் ஒரு பேரல் போடுவார்.